பல்லக்கு கோஷ்டிக்கு நாலாவது ஆள்

டேய் தேவா,

சிரிக்க மாட்டேன் என்று முதலில் உங்கம்மா பேரில் சத்தியம் செய்துவிட்டு மேலே படி. நீ அத்திப்பட்டில் உன் சித்தி வீட்டுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, முட்டி வலிக்கிறது என்று பொய் சொல்லி, உங்கள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, உன் தோஸ்துகளை வைத்து என்னை ஏழாம் மாடியிலிருந்து தரை வரைக்கும் இறக்க வைத்தேன். முட்டிக்கு ஒன்றும் இல்லை. எதிர்வீட்டு மெர்சி அக்காவை வருஷக்கணக்கில் நீங்கள் அதில் வைத்து இறக்குவதைப் பார்த்துப் பார்த்து, அதில் உட்கார்ந்தால் எப்படித்தான் இருக்கும் என்று ஓர் ஆசை, அவ்வளவுதான். கீழே வந்ததும் “வலி போச்சு” என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தேன். ஜான்சன் என்னை மேலும் கீழும் பார்த்தான். எதிரே இருந்த கடைக்குக் கூட்டிப்போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, “நைனா, அடுத்த தபா ஆசையா கீதுன்னு சொல்லு, தூக்கினு போறோம். முட்டிய ஏன் நடுவுல இழுக்குற?” என்றான். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவனிடம் கேட்டுக்கொண்டேன். அவன் சொல்லவில்லை போலிருக்கிறது. நல்ல பையன்.

குரல் மெசேஜ் அனுப்பாமல் ஏன் எழுதுகிறேன் என்று நீ யோசிப்பாய். உங்கம்மாவும் அதையேதான் கேட்டாள். பேசினால் பாதியில் எனக்கே சிரிப்பு வந்துவிடும், சொல்ல வந்தது நின்றுவிடும். அதுவுமில்லாமல், நான் படித்த அஞ்சாங்கிளாசுக்கு இப்போதாவது ஒரு வேலை கொடுக்கலாமே. பிழை இருந்தால் உங்கம்மா திருத்தியிருப்பாள், அவள் எட்டு வரைக்கும் போனவள். உன் அறையில் கூட இருக்கும் பையன்களும் இதைப் படிக்கட்டும், எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. மறைக்க வேண்டியதெல்லாம் வெளியே வந்த கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

சென்ட்ரலில் ரயில் கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ கேட்டாயே, “நைனா, நாலாவது கை யாரு?” என்று. உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், குஜராத்துக்குப் போகிற பையன் அப்பாவிடம் துட்டு கேட்பான், ஊறுகாய் பாட்டிலைக் கேட்பான், இவன் கையைக் கேட்கிறானே என்று பார்த்தார். நான் வழக்கம் போல, “அத்த நான் பாத்துக்குறேன், நீ கம்னு குந்து” என்றேன். நீ நம்பவில்லை. உன் முகத்தில் தெரிந்தது. அங்கே துறைமுகத்தில் வேலை கிடைத்ததும் முதலில் நீ சொன்னது, “போலாமா வேணாமான்னு தெர்ல நைனா, மெர்சிக்காவுக்கு யாரு?” என்பதுதான். வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ என்று நாலு நாள் உங்கம்மா சரியாகச் சாப்பிடவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். நம் பிளாக்கில் லிப்ட் இல்லாத நாளில் மேலே ஏறுகிற மாதிரி நினைத்துக்கொள்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து நீ அதைப் பார்த்ததில்லை. கடல் காற்றின் உப்பு நம் லிப்ட் மோட்டாரைத் தின்னும், ரிப்பேர் செய்பவர் வருவார், கொஞ்ச நாள் ஓடும், மறுபடி உப்பு சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிடும். மற்றவர்களுக்கு அது கால்வலி. மெர்சி அக்காவுக்கு அப்படி இல்லை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து, கீழே மளிகைக்கடை போட்டு, இந்தப் பிளாக்குக்கே உப்பும் புளியும் கொடுத்தவர். புருஷன் போய், கடையும் போய், பின்னாலேயே சிறுநீரகமும் போனது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். ஒரு முறை தவறினால் கால் வீங்கும், மூச்சு வாங்கும். அடுத்ததும் தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொன்னதை நம் வீட்டில் யாரும் திரும்ப வாயால் சொன்னதில்லை.

முதல் தடவை நீங்கள் அவரைப் பெட்ஷீட்டில் வைத்துத் தூக்கினீர்கள். தொட்டில் மாதிரி ஆடியது. அடுத்த தடவை பிளாஸ்டிக் நாற்காலி. மூன்றாம் மாடியில் அதன் கால் உடைந்து, அவர் ஜான்சன் மடியிலேயே உட்கார்ந்துவிட்டார். பின்னாலேயே இறங்கி வந்த நான் விழுந்து விழுந்து சிரித்தேன். “இன்னாடா பல்லக்கு கோஷ்டி, ராணிய கவுத்துட்டீங்களா?” என்றேன். அந்தப் பெயரை வைத்தது நான்தான் என்பதில் எனக்கு அப்போது பெருமை. அப்போது உனக்குப் பதினேழு. அதுவரைக்கும் கதவைச் சாத்திக்கொண்டு போனுக்குள்ளேயே குடியிருந்தவன். சோறு வேண்டுமா என்று கேட்டாலும் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து “ம்” என்று ஒரு சத்தம்தான் வரும். வேலைக்கும் போகாமல், பாடமும் படிக்காமல், அடுத்த வீட்டு அக்காவைத் தூக்க மட்டும் வெளியே வருகிறானே என்று எனக்கு எரிச்சல். ஊருக்கு உழைப்பதெல்லாம் வயிறு நிறைந்தவன் செய்கிற வேலை, நமக்கு எதற்கு என்று உன் காதுபடவே பேசியிருக்கிறேன். அந்தப் பேச்சை இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன், கொஞ்சம் தூசி தட்டி.

அப்புறம் ஒருநாள் என் கட்டிலுக்கு அடியில் இருந்த பெல்ட்டைக் காணவில்லை. லாரியில் சரக்கு நகராமல் இழுத்துக் கட்டுகிற நாடா பெல்ட், நான் வேலைக்குக் கொண்டுபோவது. தேடிக்கொண்டு கீழே வந்தால், மாடிப்படிக்கு அடியில் நின்றது உங்கள் நாற்காலி. புளியந்தோப்பில் யாரோ மூடிய சலூனிலிருந்து கொண்டுவந்த இரும்பு நாற்காலி, இரண்டு பக்கமும் சாரம் கட்டுகிற குழாய், உட்காருபவர் மார்பிலும் இடுப்பிலும் என் பெல்ட். நான் இத்தனை வருஷம் கப்பலில் கன்டெய்னர் பெட்டிகளைக் கம்பி போட்டு இறுக்குகிறவன். இந்தப் பொடிப் பசங்க என்னத்தைக் கட்டியிருப்பார்கள், நாலு குறை சொல்லலாம் என்று குந்தி ஒவ்வொரு கட்டாகப் பார்த்தேன். இழுத்துப் பார்த்தேன். பிடித்து ஆட்டிப் பார்த்தேன். சொல்வதற்கு ஒரு குறையும் கிடைக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் அப்படி ஏமாந்ததே இல்லை. எங்கே கற்றீர்கள் என்று கேட்டதற்கு நீ, “ஒரு ஒரு தபாவும் இன்னா தப்பு ஆச்சுன்னு கீழ குந்தி பேசுவோம் நைனா” என்றாய். கப்பலில் ஒரு பெட்டி சாய்ந்தால் நாங்கள் யாருடைய தப்பு என்றுதான் பேசுவோம். என்ன தப்பு என்று பேசிய ஞாபகம் எனக்கு இல்லை.

அன்றிலிருந்து கேலி செய்துகொண்டேதான் கவனித்தேன். உயரமானவர்கள் இரண்டு பேர் முன்னால், குழாய் தோளில். மற்ற இருவர் பின்னால், குழாய் இரண்டு கையிலும் தாழ்வாக. அப்படிப் பிடித்தால் படியில் இறங்கும்போதும் நாற்காலி தரையில் இருக்கிற மாதிரி நேராக இருக்கிறது. சுகன்யா எல்லோருக்கும் முன்னால், அக்காவைப் பார்த்தபடி, பின்பக்கமாகவே படி இறங்குகிறாள். “படி… படி… திருப்பம்… வெச்சிக்கலாம்.” அந்தச் சுகன்யா யார்? ஆறாம் மாடியில், வீட்டுக்கு யாராவது வந்தால் சமையலறைக்குள் போய் நின்றுகொள்கிற பெண். அவளுக்குப் பேச்சு வருமா என்று உங்கம்மாவே சந்தேகப்பட்டிருக்கிறாள். இப்போது அவள் குரல் கேட்டால் மொத்தப் பிளாக்கும் அடங்குகிறது. மேலே ஏறி வருகிறவர்கள் குடமோ, கேஸ் சிலிண்டரோ, எதுவாக இருந்தாலும் சுவரோடு ஒட்டி நின்று நாற்காலிக்கு வழி விடுகிறார்கள். யாரும் சட்டம் போடவில்லை. புதிதாகக் குடிவந்தவர்கள்கூட முதல் வாரத்திலேயே ஒட்டிக்கொள்ளக் கற்றுவிடுகிறார்கள். ஊர்வலம் வந்தாலும் ஒதுங்காத ஜனம் நம்முடையது. ஒரு பெண் “திருப்பம்” என்று சொன்னால் ஒதுங்குகிறது.

ஒரு மழைநாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு நனைந்து ஏறி வந்தேன். கரண்ட் இல்லை, படியெல்லாம் ஈரம். முந்தின நாள்தான் கிரிக்கெட்டில் உனக்கும் ஜான்சனுக்கும் சட்டை கிழிகிற சண்டை. இரண்டு பேரும் முகம் பார்க்கவில்லை. ஆனால் நாற்காலிக்கு வந்துவிட்டீர்கள். நான் மீன் பையோடு சுவரில் ஒட்டி நின்றேன். நாலு பேரும் ஊமை மாதிரி இறங்குகிறீர்கள். சுகன்யாவின் “படி… படி…” மட்டும் கேட்கிறது. மெர்சி அக்கா பொறுத்துப் பார்த்துவிட்டு, “ஏலே, இப்படிச் சத்தமே இல்லாமத் தூக்கிட்டுப் போனா என்னியப் பெட்டியில வச்சுக் கொண்டுபோற மாதிரில்லா இருக்கு. ஏதாவது பேசித் தொலைங்கல” என்றார். அப்புறம் ஜான்சன், “மூலக்கொத்தளம் சுடுகாடு வரைக்கும்லாம் தூக்க முடியாதுக்கா. ஆட்டோ வரைக்கும்தான் நம்ம காண்ட்ராக்ட்” என்றான். நீ சிரிப்பை அடக்கினாய், முடியவில்லை. சிரித்தால் நாற்காலி ஆடும் என்று சுகன்யா “வெச்சிக்கலாம்” என்று சொல்லி இறக்கிவைத்து, எல்லோரையும் சிரித்து முடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி தூக்கச் சொன்னாள். நீயும் ஜான்சனும் சமாதானம் ஆனதை நான் பார்க்கவே இல்லை. அதற்குள் குழாய் தோளுக்கு ஏறிவிட்டது. எனக்கும் என் தோஸ்து ஒருத்தனுக்கும் ஒரு சின்னச் சண்டையில் பேச்சு நின்று, அவன் செத்த வீட்டுக்கு மாலையோடு போனபோதுதான் நான் மறுபடி அவன் முகத்தைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தூக்குவதற்கு ஒரு மெர்சி அக்கா இல்லாமல் போய்விட்டார்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஆசைப்பட்டு ஏறி உட்கார்ந்தேனே தவிர, நாற்காலி தரையை விட்டுக் கிளம்பியதும் எனக்கு உயிர் போய்விட்டது. கப்பல் ஏணியில் பயமில்லாமல் ஏறுகிறவன்தான். ஆனால் அங்கே என் கால் என் பேச்சைக் கேட்கும். இங்கே கால் தொங்குகிறது, கீழே படி பள்ளமாகப் போகிறது, எதையும் நான் பிடிக்கக்கூடாது என்று சட்டம். முதல் திருப்பத்தில் சுகன்யா என் முகத்தைப் பார்த்து, “மாமா, மூச்சு விடுங்க” என்றாள். அதுவரைக்கும் நான் மூச்சைப் பிடித்து வைத்திருந்தது எனக்கே தெரியாது. பின்னாலிருந்து ஜான்சன், “சாஞ்சிக்கோ நைனா. நாங்க கீறோம்” என்றான். தேவா, நான் பதினாலு வயசிலிருந்து சுமை தூக்குகிறவன். என் அப்பாவைத் தூக்கியிருக்கிறேன், உன்னைத் தூக்கியிருக்கிறேன், யார் யாருடைய சரக்கையோ தூக்கியிருக்கிறேன். “சாஞ்சிக்கோ, நாங்க கீறோம்” என்று எனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. நான் சாய்ந்தேன். படிக்கட்டு ஜன்னல் ஓட்டைகளில் துறைமுகத்துக் கிரேன்கள் ஒவ்வொரு மாடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உயரமாகிக்கொண்டே போயின. தெருநாயைக் கல்லால் அடித்துக்கொண்டிருந்த ஜான்சன், பத்தாவதில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிய பாபு, கீழே யாரோடும் ஒட்டாத ரபீக், அன்றைக்கு உன் மூலையைப் பிடிக்க வந்த ஒரு பையன், இவர்களுடைய மூச்சு நாலும் ஒரே மூச்சாக என்னைச் சுற்றிக் கேட்டது. கோயிலுக்குள் போனால் வருகிற ஒரு அமைதி இருக்கிறதே, அது எனக்கு நம் மாடிப்படியில் வந்தது, கருவாட்டு வாசனைக்கு நடுவில்.

நாம் இந்தப் பசங்களுக்கு என்னவெல்லாமோ கற்றுக்கொடுக்கப் பார்க்கிறோம். பொறுமையாக இரு, நேரத்துக்கு வா, பெரியவர்களை மதி என்று தொண்டை கிழியக் கத்துகிறோம். ஒன்றும் ஏறுவதில்லை. அவர்கள் கையில் ஒரு மனுஷியின் எடையைக் கொடுத்தால் போதும், எல்லாம் தானாக வந்துவிடுகிறது. நேரத்துக்கு வராவிட்டால் ஆட்டோ போய்விடும், கோபப்பட்டால் நாற்காலி சாயும். வேலைக்கு ஆள் எடுத்தபோது, கூட வேலை செய்கிறவன் உன்னோடு சண்டை போட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார்களாமே. நீ மழைநாள் கதையைச் சொன்னாயாம். அவர்கள் உன் சர்டிபிகேட்டை மூடி வைத்துவிட்டு நாற்காலியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்களாம். நீ சொன்னபோது நான் காதில் வாங்காத மாதிரி டி.வி. பார்த்தேன். அன்று டி.வி.யில் என்ன ஓடியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அங்கேயும் போய் அறைக்கதவைச் சாத்திக்கொள்ளாதே, கண்ணு. எந்த ஊரிலும் ஏதோ ஒரு மாடியில் இறங்க முடியாமல் ஒருவர் உட்கார்ந்திருப்பார். உனக்கு பாஷை தெரியாவிட்டாலும் பரவாயில்லை, “படி, படி” என்று எந்தப் பாஷையிலும் சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம். உனக்குத் துணை வேண்டும் என்றால் துணையைத் தேடாதே, தூக்குகிற வேலையைத் தேடு. துணை மற்ற மூன்று மூலையிலும் நிற்கும்.

சரி, நாலாவது கை. சாயங்காலம் என்றால் பிளாக்கில் தூக்க ஆள் நிறையக் கிடைப்பார்கள், அக்காவைத் திரும்ப மேலே கொண்டுவருவதில் கஷ்டமில்லை. காலையில்தான் எல்லோருக்கும் காலேஜ், டூட்டி. நீ போன மறு வாரம், அக்காவுக்கு முறை வந்த காலையில், உன் மூலைக்கு ஆள் இல்லை. பாபு யார் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தான். கதவு திறந்திருந்தது, அக்கா பையோடு நாற்காலியில் உட்கார்ந்து பெல்ட்டும் போட்டாகிவிட்டது. முந்தின முறைதான் ஆள் சேர நேரமாகி, ஆஸ்பத்திரியில் பாதி நேரத்தோடு அனுப்பிவிட்டார்களாம். கால் வீங்கி செருப்புக்குள் போகவில்லை. வழக்கமாக எதையாவது சொல்கிறவர் அன்று சும்மா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரவு டூட்டி முடித்து வந்து, குளித்து, கைலி கட்டி, பல்லக்கு கோஷ்டியை வேடிக்கை பார்க்க வாசலில் நின்றேன். கேலியாகச் சொல்ல ஏதாவது தேடினேன். வாயைத் திறந்தால், “நான் புடிக்கிறேன்” என்று வந்தது.

ஜான்சன் என் இடுப்புக்குக் கீழே பார்த்தான். “கைலி கூடாது நைனா. பேன்ட் மாட்டினு வா.”

“டேய், நான் கைலியிலயே கப்பல்ல மூட்ட ஏத்தினப்ப நீ பொறக்கவே இல்ல.”

“மாமா, ரூலு ரூலுதான்” என்றாள் சுகன்யா. “தேவா அண்ணா போட்ட ரூலு.”

கீழே ஆட்டோ ஹாரன் அடித்தது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, “பல்லக்குன்னு பேர் வச்சவரா தூக்க வந்திருக்காரு? கர்த்தர் பெரியவர்ல” என்றார். அவர் சிரித்தது அன்றைக்கு அதுதான் முதல் தடவை. ஜான்சன் இன்னொரு தடவை ஹாரனைக் கேட்டுவிட்டு, “சரி, கைலி இன்னிக்கு மட்டும். பின்னாடி நில்லு. இன்னா நடந்தாலும் சுகன்யா ‘வெச்சிக்கலாம்’னு சொல்ற வரைக்கும் கைய எடுக்காத. புரிதா?” என்றான். இருபத்தொரு வயசுப் பையன் எனக்குச் சொல்கிறான். புரிகிறது என்றேன். தூக்கினோம். அந்தக் கனத்தை என்னவென்று சொல்வது, மூட்டைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மூட்டை உன்னை நம்புவதில்லை. இரண்டாவது திருப்பத்தில் என் தோள்பட்டை தளர்ந்தது, நான் வாய் திறக்கவில்லை, ஆனால் என் பக்கம் லேசாகிவிட்டது. பக்கத்திலிருந்த ஜான்சன் தன் பிடியைக் கொஞ்சம் உயர்த்தியிருந்தான். அறைக்கதவைத் திறந்துகொண்டு நீ இத்தனை வருஷம் எங்கே போய்க்கொண்டிருந்தாய் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அஞ்சாம் மாடித் திருப்பத்தில் என் கைலி அவிழ்ந்தது. இரண்டு கையும் குழாயில் இருந்தது. சுகன்யா “படி… படி…” என்று சொல்லிக்கொண்டிருந்தாள், “வெச்சிக்கலாம்” என்று சொல்லவில்லை. நான் கையை எடுக்கவில்லை. மெர்சி அக்காவுக்குப் பின்பக்கம் தெரியாது என்பதால் அவர் இஞ்சி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். நாலாம் மாடியில் உங்கம்மா தண்ணீர்க் குடத்தோடு மேலே ஏறி வந்துகொண்டிருந்தாள். சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டாள். ஆட்டோ நேரத்துக்குக் கிளம்பியது. கைலி அஞ்சாம் மாடியில் இருந்தது.